சிறகு முளைக்காத யானை

முப்பத்துநாலு வயதில் பெண் பார்க்கப் போகிறவனிடம் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. சொந்த வீடா, வேலை நிரந்தரமா, முன்நெற்றியில் முடி எப்போதிலிருந்து இப்படி என்பதெல்லாம் பதினோரு வீட்டில் கேட்டாயிற்று. பன்னிரண்டாவது வீட்டிலிருந்துதான் புதுக் கேள்வி ஒன்று வந்தது.

"மாப்பிள்ளை அந்த யானைக் கதை ஆறு பாகமும் படிச்சிருக்காரான்னு பொண்ணு கேக்குது" என்றார் தரகர். சொல்லிவிட்டு அம்மா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார். வெயிலில் அலைந்ததில் மனுஷருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

யானைக் கதை என்பது சிறுவர்களுக்கான ஒரு மாயாஜாலத் தொடர். ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். ஒரு ஊரின் மழையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதை மீட்டுவர ஒரு சிறுமி ஒரு கிழட்டு யானையோடு கிளம்புகிறாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் ராஜபாளையத்தில் அதன் சினிமா ஓடிக்கொண்டிருந்ததால் சுவரொட்டியில் பார்த்துத் தெரிந்துகொண்டது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை. இதே கேள்வியைக் கேட்டு ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகளைத் தட்டிவிட்டாளாம்.

வேறு பெண்ணாக இருந்திருந்தால் போய்யா என்று விட்டிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் அவளோடு போனில் நாலு நிமிஷம் பேசியிருந்தேன். என்ன வேலை என்று கேட்டாள். பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றேன். "அப்போ ஊருல எவனாவது கீழ விழுந்தா உங்களுக்குக் கொண்டாட்டம்" என்றாள். இதை அவள் சிரிக்காமல் சொன்னாள், நான்தான் சிரித்தேன், சிரிப்பை நிறுத்த முடியாமல் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அந்த நாலு நிமிஷத்திலேயே எனக்கு முடிவாகிவிட்டது. இவள் கிடைக்கவில்லையென்றால் பதின்மூன்றாவது வீட்டுக்கு நான் போவதாக இல்லை.

இதெல்லாம் என் அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் நான் வாயைத் திறக்கும் முன்பே தரகரிடம் அவள் சொன்னாள்: "ஆறு பாகம் என்ன, தலைகீழாச் சொல்லுவான். எங்க குடும்பமே படிச்சிருக்கோம்."

பாவி. குடும்பமே என்று எதற்குச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பெண் பார்க்க அஞ்சு நாள்தான் இருந்தது. முதல் பாகத்தை வாங்கிவந்து உட்கார்ந்தேன். நாற்பதாவது பக்கம் வரை அந்த யானை காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. கவளத்தில் உப்பு இல்லை என்று ஒரு பக்கம், கரும்பு வளைந்திருக்கிறது என்று மூன்று பக்கம் குறை சொன்னது. நான் தூங்கிப்போனேன்.

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலையும் படை நடத்தித் தீர்ப்பவர். "ஏலே, புஸ்தகத்தை மூடு. அதைத்தான் சினிமாவா எடுத்திருக்கான்லா? ரெண்டரை மணி நேரத்துல ஆறு பாகமும் முடிஞ்சுது. எல்லாரும் கிளம்புங்க" என்றார்.

மறுநாள் மதியக் காட்சிக்கு அப்பா, அம்மா, அக்கா, நான், நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு குறிப்பேடு. முதல் முக்கால் மணி நேரம் அப்பா பொறுப்பு, அடுத்தது அக்கா, கடைசி நான். அம்மாவுக்குப் பாட்டுகள். திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு யானை வந்தது. இடைவேளைக்கு முன்னால் அதற்குச் சிறகு முளைத்தது. நெருப்பு கக்குகிற அரக்கன் ஒருவன் வந்தான். யானை அவனை ஆகாயத்தில் வைத்து அடித்து, மழையை மீட்டு, சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் பறந்து வந்து இறங்கியது. தியேட்டரே விசிலடித்தது. அப்பா டார்ச் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "என்ன சார், சென்சஸ் எடுக்கீகளா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை பெண் பார்ப்பதைப் பெரும்பாலும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கோயிலில் வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்ததுபோல வந்து, பிரகாரத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோலப் பேசிக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லையென்றால் சாமி கும்பிட்டுவிட்டுப் போனதாகக் கணக்கு. யாருக்கும் தலைக்குனிவு இல்லை. ஆண்டாள் கோயிலில் வெள்ளிக்கிழமை காலையில் சுற்றி வருகிறவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே சாமி கும்பிட வந்தவர்கள் என்று ஆண்டாளுக்குத்தான் தெரியும்.

அப்பா தற்செயலை ரொம்ப நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் எதிரே வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து, "அடடே! நீங்களா! என்ன ஆச்சரியம், உங்களை இங்க பாப்போம்னு நினைக்கவே இல்ல!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் யாரோ தளவாய்புரத்துக்காரர்கள். அவர்களும் வேறொரு மாப்பிள்ளை வீட்டைத் தற்செயலாகச் சந்திக்கத்தான் வந்திருந்தார்கள். இரண்டு தரப்பும் நலம் விசாரித்து, அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்த பிறகுதான் அக்கா ஓடிவந்து அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் பெண் வீட்டார் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவளும் அவள் அம்மாவும் தாய்மாமாவும். நல்ல நீலச் சேலை, மூக்குக்கண்ணாடி. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க பிள்ளைக்குப் புஸ்தகம்னா உசுரு" என்று ஆரம்பித்தார்.

அப்பா இதற்காகத்தானே காத்திருந்தார். "எங்களுக்கும் அப்படித்தான். அதுலயும் அந்த யானைக்குச் சிறகு முளைக்கிற இடம் இருக்கே, எத்தனை வாட்டி படிச்சாலும் புல்லரிக்கும்."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "சிறகு எத்தனாவது பாகத்துல வருது?"

"மூணாவது பாகம்" என்றார் அப்பா, துளியும் தயங்காமல்.

"நாலாவதுப்பா" என்றாள் அக்கா.

"மூணுட்டி. மூணாவது பாகம், ரெண்டாவது அத்தியாயம், வலதுகைப் பக்கம்."

"எனக்கு அந்தப் பாலைவனத்துல பாடுற பாட்டுதாம்மா பிடிச்சிருந்துச்சு. படிக்கப் படிக்க அம்புட்டு இனிமை" என்றாள் என் அம்மா.

நான் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வந்தால்கூடத் தேவலை. பஸ்ஸை விட்டவளைப் போல நின்றுகொண்டிருந்தாள். நாலாவது மாப்பிள்ளையும் இப்படித்தானா என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் கூத்து என்னவென்றால் அவள் மாமா துள்ளிக் குதித்தார். "கரெக்டாச் சொன்னீக! மூணாவதுதான்! அரக்கனைத் தூக்கிப் போட்டு மிதிக்குமே!" அவரும் அவள் அம்மாவும் அதே சினிமாவை அதே வாரத்தில் பார்த்திருந்தார்கள். புத்தகத்தை யாரும் தொட்டதில்லை. பெரியவர்கள் நாலு பேரும் அங்கேயே வட்டமாக நின்று, இல்லாத சிறகின் நீளத்தைக் கையை விரித்து அளந்துகாட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தேங்காய்த் தட்டு மாற்றாத குறைதான்.

நானும் அவளும் தனியாக நின்றோம். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணமே முடிந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி மூடிக்கொண்டிருப்பது?

"நான் படிக்கலைங்க. சினிமாதான் பாத்தேன். புத்தகத்துல நாப்பது பக்கம்தான் படிச்சேன்" என்றேன்.

"அந்த நாப்பது பக்கத்துல என்ன வருது?"

"யானை காலைச் சாப்பாடு சாப்பிடுது. கரும்பு கோணலா இருக்குன்னு சடைச்சுக்கிடுது."

முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அதுக்குச் சிறகெல்லாம் கிடையாது. முழங்கால் வலி வேற. ஆறு மலையையும் நடந்துதான் தாண்டும். அரக்கனும் இல்ல. மழையைத் திருடினது யாருன்னு அஞ்சாவது பாகம் வரைக்கும் தெரியாது. மிச்சத்தைப் படிச்சிட்டுக் கூப்பிடுங்க. ஆறாவது பாகம் கடைசி அத்தியாயம் முடிக்காமக் கூப்பிடக் கூடாது. அதுவரைக்கும் நான் மாமாகிட்ட எதுவும் சொல்லல."

அன்று மாலையே மிச்ச ஐந்து பாகங்களையும் வாங்கிவிட்டேன். நாற்பத்தோராவது பக்கத்தில் யானை ஒருவழியாகக் கை கழுவியது. அதன் பிறகு என்னால் கீழே வைக்க முடியவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் முடித்த பாகத்தை அப்பா எடுத்துக்கொண்டார். மகன் கல்யாண விஷயமாயிற்றே, பிழையைத் திருத்திக்கொள்வோம் என்றுதான் ஆரம்பித்தார். இரண்டாவது பாகத்தில் ஒரு தொங்குபாலம் வருகிறது. சினிமாவில் யானை அதன் மேல் சர்ரென்று பறந்து போய்விடும். புத்தகத்தில் பாலத்தைத் தாண்ட அதற்குப் பதினேழு பக்கம். ஒரு காலை எடுத்து வைக்கும், முனகும், சிறுமியிடம் ஏதாவது கதை சொல்லச் சொல்லும், அடுத்த காலை எடுத்து வைக்கும். அப்பாவுக்கும் இரண்டு முட்டியும் போய்ப் பல வருஷமாகிறது. மாடிப்படியில் அவரும் அதே முனகலோடுதான் ஏறுவார்.

"பாத்தியாலே அநியாயத்தை" என்றார். கண் சிவந்திருந்தது. "அம்புட்டு வலியோட நடந்து போன யானையை, பறந்து போச்சுன்னு காட்டுதான். அது நடந்ததுக்கு என்ன மரியாதை?"

ஒரு வாரம் கழித்து நான் கம்பெனியில் இருக்கும்போது தியேட்டரிலிருந்து போன் வந்தது. உங்கள் அப்பாவை வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். மதியக் காட்சிக்குத் தனியாகப் போயிருக்கிறார். பாலம் வந்ததும் புத்தகத்தோடு எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "தப்பு! பூரா தப்பு! யாரும் நம்பாதீங்க! இதுதான் நெசம்!" என்று பதினேழு பக்கத்தையும் உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். அவர் வேட்டியின் மேலேயே யானை பறந்திருக்கிறது. இதில் பெரிய கொடுமை, முன் வரிசைச் சிறுவர்கள் விசிலடிப்பதை நிறுத்திவிட்டு, "அப்புறம் தாத்தா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்தாவது பக்கத்தில்தான் புரொஜெக்டரை நிறுத்தினார்களாம். நான் போனபோது மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டு, மேனேஜருக்கு ஆறாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ராஜபாளையத்தில் கிளம்பிய வீடியோ ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையில் அவள் மாமா போன் செய்தார். "தப்பா நினைச்சுக்கிடாதீக. உங்க அப்பாருக்கு மண்டைக்கு ஏதோ ஆயிருச்சு போல. நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம். கோயம்புத்தூர் மாப்பிள்ளை ஒருத்தரு. ஞாயித்துக்கெழமை வீட்டுக்கே வாராரு." வீட்டுக்கே வருகிறார் என்றால் முக்கால்வாசி முடிந்த மாதிரி. அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு இன்னும் இரண்டு பாகம் பாக்கி.

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நாந்தாம்லே கெடுத்துட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா போனை என் கையில் திணித்தாள். "படிச்சு முடிச்சிட்டேன்னு சொல்லு. அவ என்ன பரீட்சையா வைக்கப்போறா? யானை மழையோட திரும்பி வந்துச்சு, எல்லாரும் சந்தோஷம், சுபம். குழந்தைங்க கதை வேற எப்படி முடியும்?"

சொல்லியிருப்பேன். நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு, கரும்பு கோணல் என்றதும் வந்த சிரிப்பு, உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது. அதைப் பொய் சொல்லி இழக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. போனை வைத்துவிட்டு ஐந்தாவது பாகத்தை எடுத்தேன்.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தடவை விட்டேன். கம்பெனியில் துணி சுருட்டுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று படித்ததில் ஒரு நாள் பேண்டேஜ் எல்லாம் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு வெட்டுப்பட்டுவிட்டது. சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கடைசி அத்தியாயம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன். சாம்பார் சாதம் அப்படியே இருந்தது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எதிரே இருந்த பேக்கிங் செக்ஷன் அக்கா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவள் என்ன ஏது என்று கேட்காமல் அரை மீட்டர் பேண்டேஜ் துணியை வெட்டிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"முடிச்சிட்டேன்" என்றேன்.

"புத்தகத்தை எடுத்துக்கிட்டு வாங்க. கடையிலதான் இருக்கேன்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. மருந்துக்கடை ஜன்னலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஊடே நுழைந்தால் அடி விழும் என்று நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள்.

"எப்படி முடியுதுன்னு சொல்லாதீங்க. நல்லா முடியுதா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "தம்பி, சர்க்கரை மாத்திரை வாங்கணும், சட்டுனு சொல்லுங்க" என்றார்.

முன்னால் வந்த மூன்று மாப்பிள்ளைகளும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வருகிற கோயம்புத்தூர்க்காரரும் அதையேதான் சொல்வார். கல்யாணம் பேசுகிற நேரத்தில் யாராவது அபசகுனமாகப் பேசுவார்களா? ஆனால் வேறு பதில் என்னிடம் இல்லை.

"நல்லா முடியலைங்க" என்றேன்.

"அடப்பாவமே" என்றார் சர்க்கரை மாத்திரைப் பெரியவர்.

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன் இருந்ததும், மூன்று வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் அவன் போய்விட்டதும் தரகர் சொல்லி எங்களுக்குத் தெரியும். நல்ல காரியம் பேசும்போது துக்கம் விசாரிக்கக் கூடாதென்று அதை யாரும் எடுக்கவில்லை. இப்போது அவளே எடுத்தாள்.

"நானும் எங்கண்ணனும் ஒரே புத்தகத்தை மாத்தி மாத்திப் படிப்போம். ஆறாவது பாகத்துல அவன் என்னை முந்திட்டான். எப்படிடா முடியுதுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன், கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாப் படிக்காத, நான் பக்கத்துல இருக்கும்போது படின்னான். அதுக்கப்புறம் ஒரு வாரம்கூட இல்ல."

அவள் அந்த அத்தியாயத்தைப் படிக்கவே இல்லை. சினிமா வந்ததும் அதிலாவது தெரிந்துகொள்ளலாம் என்று போயிருக்கிறாள். யானை பறந்து வந்து இறங்கியதும், நல்லபடியாக முடிகிற கதையென்றால் அண்ணன் ஏன் அப்படிச் சொன்னான் என்று தியேட்டரிலேயே அழுதிருக்கிறாள்.

"அவன் அதைச் சொன்னப்போ அவன் முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. இப்போ நீங்க வந்து ஜன்னல்ல நின்னீங்கள்ல, அதே மாதிரி" என்றாள்.

புத்தகத்தை நீட்டினேன். வாங்கி, கடைசி அத்தியாயத்தைத் தேடிப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வரியில் விரலை வைத்தவள் நிமிர்ந்து, நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"உக்காருங்க. நான் முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சுப் போயிராதீங்க" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.